ஒன்று அங்கே, ஒன்று இங்கே

1

போன மாதம் எங்கள் குடியிருப்பின் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜேர்மனியில் கடிதம் வந்தால் நல்ல செய்தியாக இருக்கும் என்று நினைக்கும் பழக்கம் எனக்கு முதல் வருடத்திலேயே விட்டுப்போயிற்று. நிலவறை நடைபாதையில் பதினைந்து மாதங்களாக ஒரு குழந்தைக் கட்டில், பிரிக்காத அட்டைப் பெட்டியோடு, சுவரில் சாய்ந்து நிற்கிறதாம். தீ பிடித்தால் ஆட்கள் ஓடுவதற்கு அது இடைஞ்சலாம். பதினான்கு நாட்களுக்குள் அகற்ற வேண்டுமாம். இதைச் சொல்ல இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள்.

என் கணவர் சிவநேசன் பருத்தித்துறைக்காரர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"பதினைஞ்சு மாசம் எண்டு எண்ணி வைச்சிருக்கிறாங்கள் பாரும். நாங்கள்கூட எண்ணேல்லை" என்றார்.

நான் எண்ணியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்கே கட்டிலை இரண்டாம் மாடியில் இருக்கும் எரித்திரியப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். அவளுக்கு ஏழாம் மாதம். பெட்டியைத் தடவிப் பார்த்து, "புதிதாக இருக்கிறதே, உங்களுக்கு வேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எந்த மொழியிலும் அதிக இலக்கணம் தேவையில்லை.

அந்தக் கட்டில் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தது என்பதைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவுகிறது. அதில் நான் பெரிய மனசுக்காரி. கிடைக்கவிருந்ததை விட்டுக்கொடுத்த தியாகி. நான் பிறந்த தோட்டத்தில் இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று கேள்வி. வாசிக்கிற உங்களில் யாராவது அதைக் கேட்டிருந்தால், இதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

2

மலைநாட்டில், நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள் நான். கொழும்பில் தையல் வேலைக்குப் போய், அங்கிருந்து கல்யாணமாகி ஜேர்மனிக்கு வந்தேன். மாப்பிள்ளைக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, தலையில் முடி மிச்சமில்லை. எனக்கு மலைநாட்டுப் பெண் என்ற குறை. அவருடைய அக்கா இரண்டு குறைகளையும் தராசில் வைத்துப் பார்த்து, முள் நேராக நிற்கிறது என்று கண்ட பிறகுதான் சம்மதித்தார். "மலைநாட்டுப் பிள்ளை எண்டாலும் கெட்டிக்காரி" என்பது அவர் எனக்குத் தந்த நற்சான்றிதழ். அந்த "எண்டாலும்" இன்றைக்கும் செல்லுபடியாகும்.

பதினான்கு வருடத்தில் பிள்ளை இல்லை. மூன்று தடவை வைத்தியம் செய்தோம். அதை இங்கே விரிக்கப் போவதில்லை. மூன்று தடவையும் மருத்துவமனையில் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள்.

ஊரில் அம்மா தம்பியோடு இருக்கிறார். தம்பி யோகராஜ் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மனைவி புவனா தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். கல்யாணமாகி நான்கு வருடம் அவளுக்கும் பிள்ளை இல்லை. என்னைப் பேசிய வாய்கள் நான் தூரத்தில் இருந்ததால் அவளைப் பேசின. ஆகவே அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று கேட்டபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் இரண்டு மாதம் நல்ல சந்தோஷமாகவே இருந்தது.

பிறகு அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"புவனாவுக்கு ஸ்கேன் பண்ணினாங்க. ரெண்டு இருக்காம்."

"ரெட்டையா?"

"ரெட்டதான். சாமி சும்மா ரெண்டு குடுக்கல புள்ள. ஒன்னு அங்க, ஒன்னு இங்க. அதுக்குத்தான் குடுத்திருக்கு."

அப்படிப் பேசாதீங்க அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் கேட்டது, "தம்பி என்னா சொல்றான்?"

"அவன் என்னா சொல்லுவான். சரிங்கிறான்."

"புவனா?"

"அது கெடக்கு."

நான் "புவனா?" என்று கேட்டேன் அல்லவா, அதை வைத்துப் பிறகு பல நாள் என் மனச்சாட்சியைத் தூங்கவைத்தேன். இணைப்புச் சரியில்லை, பதில் விளங்கவில்லை என்றும் எனக்கே சொல்லிக்கொண்டேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. பின்னால் கோழி கொக்கரித்ததுகூடக் கேட்டது.

3

உறவினரின் பிள்ளையைத் தத்தெடுக்க விரும்புகிறவர்களுக்கு வழி சொல்கிற ஒரு ஆலோசனை நிலையம் எங்கள் நகரில் இருக்கிறது. நேரம் குறித்துக்கொண்டு இருவரும் போனோம். சிவநேசன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டார். அதைக் கடைசியாக அவர் கட்டியது எங்கள் கல்யாணப் பதிவுக்கு.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயதுப் பெண்மணி. கோப்பையில் தேநீர் வைத்திருந்தார். கேள்விகளை மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"பிள்ளையின் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா?"

"இருக்கிறார்கள்."

"நோயாளிகளா?"

"இல்லை."

"தந்தைக்கு வேலை?"

"ஆட்டோ ஓட்டுகிறான்."

"தாய்க்கு?"

"தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை."

"அதாவது குழந்தை வளர்ப்பில் பயிற்சி உள்ளவர்."

"ஆமாம்."

"அப்படியானால் ஏன் கொடுக்கிறார்?"

"ஏனென்றால் இரண்டு இருக்கின்றன" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். என் ஜேர்மன் மொழியில் ஏதோ பிழை என்று முதலில் நினைத்திருப்பார் போலிருக்கிறது. நான் திரும்பவும் சொன்னேன். இலக்கணம் சரியாகத்தான் இருந்தது. எந்த மாதிரித் தோட்டம் என்று கேட்டார். தேயிலைத் தோட்டம் என்றேன். அவர் தன் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

இங்கே, பிள்ளை பிறந்து எட்டு வாரம் ஆகும்வரை தாயின் சம்மதம் செல்லாது என்று சொன்னார். தாய்க்கு யோசிக்க நேரம் வேண்டும் என்பதற்காகவாம். எங்கள் வீட்டில் அந்தத் தாயிடம் கேட்பதற்கே இன்னும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை. மற்ற வழிமுறைகளும் உண்டு, நீண்ட காலம் எடுக்கும், நடக்காமலும் போகலாம் என்று ஒரு கட்டுத் தாள்களைத் தந்தார்.

வெளியே வந்து சிவநேசன் கழுத்துப்பட்டியை அவிழ்த்தார்.

"அவ என்னவோ நாங்கள் பிள்ளை பிடிக்க வந்த ஆக்கள் மாதிரி எல்லே பாக்கிறா" என்றார்.

"நீங்க கவலைப்படாதீங்க. நம்ம பழக்கம் இவங்களுக்கு விளங்காது" என்றேன். நம்ம பழக்கம் என்ற சொல்லை நான் எதற்கெல்லாம் பாவித்திருக்கிறேன் என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். விளக்கம் சொல்ல வெட்கமாக இருக்கும் காரியங்களுக்கு மட்டும்தான்.

4

வேலை இடத்தில் வேறு ஒரு கூத்து நடந்தது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் என் பொறுப்பு. ஆறு வாரம் லீவு கேட்கப் போன இடத்தில், காரணம் சொல்ல வேண்டுமே என்று, "எனக்கு ஒரு இரட்டைப் பிள்ளை கிடைக்கப் போகிறது" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். தமிழில் சரியான வசனம். ஜேர்மன் மொழியிலோ "பிள்ளை கிடைக்கப் போகிறது" என்றால் வயிற்றில் இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அடுத்த நாள் முதல் கனம் தூக்கும் வேலை எனக்கு இல்லை. நான் உட்காரக் கதிரை கொண்டுவந்து போட்டார்கள். தொண்ணூறு வயது மூதாட்டி ஒருத்தி தன் ஆப்பிளில் பாதியை எனக்கு வெட்டித் தந்தாள்.

திருத்திச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். அந்த ஒன்பது நாளும் படிகளில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினேன். இப்படி எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

உண்மையைச் சொன்ன அன்று மேற்பார்வையாளர் முகம் சிவந்து, "பரவாயில்லை" என்றார். கதிரை போய்விட்டது.

சிவநேசன் கட்டில் வாங்கியது அந்த வாரத்தில்தான். பெட்டியைப் பிரிக்க வேண்டாம், பிள்ளை வந்த பிறகு பிரிப்போம் என்றார். அதற்குள் அவருடைய அக்காவுக்குச் செய்தி எட்டி, "தோட்டத்துப் பிள்ளையாம், என்ன நிறமோ தெரியாது" என்று கவலைப்பட்டாராம். பிள்ளை இன்னும் வயிற்றுக்குள் கண்ணைக்கூடத் திறந்திருக்காது. அதற்குள் "எண்டாலும்" தயாராகிவிட்டது.

5

புவனாவுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு பெட்டி நிறையப் பிள்ளைச் சாமான். எல்லாம் ஒவ்வொன்று. ஒரு போர்வை, ஒரு பால்போத்தல் செட், பனிக்காலத்தில் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரியான ஒரு தடித்த உடுப்பு. அம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "கரடி மாதிரி இருக்கு" என்று பெருமைப்பட்டார்.

தம்பியின் வீடு லயத்துக்கு மேலே புதிதாகக் கட்டிய சின்ன வீடு. கூரை வளையில் சேலைத் தொட்டில் கட்டுவதற்கு ஒரு கொக்கி அடித்திருந்தார்கள். ஒன்றே ஒன்று. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் பழைய வேட்டித் துணிகளைக் கிழித்துக் காயப்போட்டிருந்தார்கள். அந்தக் குளிரில் வெளியே போட்டால் மூன்று நாளானாலும் துணி காயாது. அவை மட்டும் நிறைய இருந்தன. கிழித்தது புவனா.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க அண்ணி" என்றாள். வயிறு அவளுக்கு முன்னால் ஒரு அடி வந்து நின்றது. கால்கள் வீங்கியிருந்தன. நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போய், எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று தெரியாமல் தோளைத் தட்டிவிட்டு விலகினேன்.

அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு சரசு அக்கா வந்துவிட்டார். புவனா வாசலில் உட்கார்ந்து கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சரசு அக்கா அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

"இதுல எது நம்ம ஜேர்மனிப் புள்ள?"

அம்மா கையிலிருந்த அகப்பையால் காட்டினார். "எடப்பக்கம் உள்ளது."

"அது எப்பிடித் தெரியும்?"

"மிட்வைப் மிஸ் சொன்னாங்க, ரெண்டும் ரெண்டு பக்கமா இருக்காம். எடப்பக்கம் உள்ளது சின்னது. ஒதைக்கிறதும் கொறவு. பிளேன்ல தூக்கிட்டுப் போக லேசு. வலப்பக்கம் உள்ளது இங்க இருக்கட்டும், நமக்கு வேலை வெட்டிக்கு ஆகும்."

சரசு அக்கா தலையாட்டினார். சந்தையில் கோசு பிரிப்பதைப் பார்த்துப் பழகியவர், முறை சரி என்று பட்டிருக்கும். நான் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய். நான் சிரித்தேன், இடப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தேன்.

புவனா லீக்ஸை நறுக்கிக்கொண்டிருந்தாள். மிகச் சீராக, ஒரே அளவில்.

6

நான்கு நாள் கழித்து அவளுக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் நான் கூடப் போனேன். நுவரெலியாவுக்குத் தம்பிதான் ஆட்டோ ஓட்டினான். டொக்டர் பரிசோதித்துவிட்டு, இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஒன்று குறுக்கே கிடப்பதால் ஒப்பரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று திகதி குறித்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது மழை தூறியது. தம்பி இரண்டு பக்கமும் ரெக்சின் திரையை இறக்கிவிட்டான். உள்ளே நானும் புவனாவும், எங்களுக்கு இடையில் அவளுடைய கிளினிக் கொப்பியும்.

"அண்ணி, எடப்பக்கம் உள்ளதுதான் பெருசாம்" என்றாள் புவனா. "இன்னைக்கு ஸ்கேன்ல சொன்னாங்க. மாமி மாத்திச் சொல்லியிருக்காங்க."

நான் கிளினிக் கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒதைக்கிறதும் அதுதான். வலப்பக்கம் உள்ளதுதான் தூங்கும். ஒங்களுக்கு எது வேணும்னு சரியா பாத்துக்கிருங்க. பொறகு மாத்தித் தந்துட்டாங்கன்னு சொல்லக் கூடாது."

அவள் குரலில் கோபம் இல்லை. மடுவத்தில் எந்தப் பிள்ளைக்கு எத்தனை மணிக்குப் பால் என்று சொல்கிற குரல்.

"புவனா, ஒனக்கு இதுல சம்மதம் இல்லையா?"

"இப்பத்தான் கேக்குறீங்க."

"அம்மா சொன்னாங்க..."

"மாமி சொன்னாங்க. இவரு சரின்னாரு. நீங்க ஒரு தரம்கூட எங்கிட்ட கேக்கல. போன்ல வருவீங்க, நல்லா சாப்புடு, நல்லா தூங்குன்னு சொல்லுவீங்க. யாரு புள்ளைக்குச் சொல்றீங்கன்னு யோசிச்சுக்கிட்டே சாப்புடுவேன்."

"முதல்லயே கேட்டிருந்தா?"

"முதல்ல கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கேட்டதா இருந்திருக்கும்."

இந்த இடத்தில் நல்ல மனுஷி ஒருத்தி என்றால் அழுதிருப்பாள், மன்னிப்புக் கேட்டிருப்பாள். எனக்கு வந்தது ஆத்திரம். பதினான்கு வருட ஆத்திரம், கழுத்துப்பட்டி, கதிரை, ஆப்பிள் எல்லாம் சேர்ந்து வந்தது.

"ரெண்டையும் வச்சுக்கிட்டு என்னா செய்யப் போற? அந்த ஒரு அறை வீட்டுல? என்னா குடுக்கப் போற அதுகளுக்கு?"

சொல்லி முடிக்கும்போதே, இது என் குரல் இல்லை என்று தெரிந்தது. என் நாத்தனாரின் குரல். அந்த "எண்டாலும்" என் வாயிலிருந்து, எங்கள் தமிழில் வந்தது.

புவனா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"மடுவத்துல பதினெட்டுப் புள்ளையப் பாக்குறேன் அண்ணி. அந்தியில கொழுந்து நிறுத்துட்டு வந்து அவங்க அவங்க புள்ளையத் தூக்கிட்டுப் போவாங்க. ஒரு வீட்டுல ரெண்டு இருந்தா ரெண்டையும் தூக்கிட்டுப் போவாங்க. எடம் பத்தாது, ஒன்ன வச்சுக்கன்னு யாரும் சொன்னதில்ல."

ஆட்டோ நின்றது. தம்பி இறங்கிப் பின்சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை. மழையில் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் தன் வீட்டுச் சண்டையிலிருந்து தப்ப ஒரு சக்கரம் அவ்வளவு உதவும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

7

இரண்டு நாள் நான் புவனாவோடு பேசவில்லை. அவள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், நான் குடித்தேன். மூன்றாம் நாள் காலையில் அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, புள்ள வேணாம். நான் கேக்கவும் இல்ல, அது குடுக்கவும் இல்ல. இதோட விடுங்க."

"அவ என்னா சொன்னா?"

"அவ சரியாத்தான் சொன்னா."

"தோட்டம் பூராவும் சொல்லி வச்சிருக்கேன் புள்ள. கோயில்ல வேற சொல்லியிருக்கு. இப்ப என்னான்னு சொல்றது?"

"எண்ணினதுல பெசகிப்போச்சுன்னு சொல்லுங்க."

அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "ஒனக்கு ஒன்னு இல்லாம நான் எப்பிடி நிம்மதியா சாவுறது" என்றார். அம்மாவின் நிம்மதியான சாவுக்காக ஒரு பிள்ளை ஜேர்மனிக்குப் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது. கிண்டலாகத்தான் எழுதுகிறேன். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம், புகையும் நிறைய இருந்தது. பிறகு தோட்டத்துக்கு அவர் சொன்னது, நானே மனசிரங்கி விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று.

சிவநேசனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அப்ப அந்தக் கட்டில்?" என்றார். அவரே தொடர்ந்தார். "சரியப்பா. அந்தப் பிள்ளையும் மனிசிதானே. அண்டைக்கு அந்த ஒப்பீஸ்காரி கேட்டதைத்தான் கேட்டிருக்கிறா. நீர் சாப்பிட்டனீரோ?" என்னுடைய கல்யாணத்தில் தராசில் தப்பாக நிறுத்தவர் என் நாத்தனார்தான், இவர் அல்ல என்று அப்போது தோன்றியது.

அன்றே நுவரெலியா பஜாருக்குப் போனேன். எங்கள் ஆட்கள் காலம் காலமாகத் துணி எடுக்கிற கடை, ஒரு முஸ்லிம் நானாவுடையது. பிள்ளைச் சாமான் என்றதும் நானா எடுத்து அடுக்கினார்.

"ஒன்னா ரெண்டா?" என்று கம்பளிக் குல்லாயைத் தூக்கிக் காட்டினார்.

"ஒன்னு. நான் ஏற்கனவே ஒன்னு கொண்டுவந்திருக்கேன்."

"ரெட்டையா? அப்ப ரெண்டும் ஒரே மாதிரி எடுங்க. வேற வேற போட்டா, பாக்குறவங்க எது நல்லதுன்னு கேக்க ஆரம்பிப்பாங்க."

அந்த மனுஷனுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டது. ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்ததைக் கணக்கில் சேர்க்காமல் எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி ஸ்டூலில் ஏறிக் கூரை வளையில் இரண்டாவது கொக்கியை அடித்துக்கொண்டிருந்தான். அம்மா கீழே நின்று, "எதுக்குடா?" என்று கேட்டார்.

"ரெண்டு புள்ளைம்மா" என்றான்.

என் தம்பி அம்மாவுக்கு எதிராகப் பேசிய முதல் வசனம் அதுதான். வாயில் ஆணி இருந்ததால் அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. புவனாவுக்குக் கேட்டது. அவள் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

கரடி உடுப்பை அவளிடம் கொடுத்து, இதை வெட்டி இரண்டு பேருக்கும் ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். அவள் விரித்துப் பார்த்தாள்.

"வெட்ட வேணாம் அண்ணி. இதுக்குள்ள ரெண்டும் கொள்ளும்" என்றாள்.

அதுதான் எங்களுக்குள் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தை. முழுச் சமாதானம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் நான் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கேட்கவில்லை, அவளும் தொடுங்கள் என்று சொல்லவில்லை.

8

குறித்த நாளில் காலையிலேயே புவனாவை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தம்பியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். வார்டுக்குள் ஒரு பெண் துணைக்கு நிற்கலாம் என்றதால் நான் உள்ளே நின்றேன். பதினொரு மணி இருக்கும். ஒரு நர்ஸ் இரண்டு துணிச் சுருள்களைச் சக்கரத் தொட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டும் பெண்.

"ஒயாத அம்மா?" என்று என்னைக் கேட்டார்.

நீங்களா அம்மா என்று சிங்களத்தில் கேட்கிறார். ஜேர்மன் மொழி தலைக்குள் ஏறிய பிறகு என் சிங்களம் துருப்பிடித்துவிட்டது. தமிழ்க் காதில் அது "ஓயாத அம்மா" என்று விழுந்தது. ஒரு கணம் அப்படியே நின்றேன். அங்கே வேலை இடத்தில் ஒன்பது நாள் சும்மா இருந்தேனே, அதே மாதிரி இங்கேயும் ஒரு நிமிடம் சும்மா இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்து போனது. இல்லை என்று சொன்னால் பொய்.

"நே மிஸ். நெந்தா" என்றேன். அத்தை.

நர்ஸ் ஒரு கொப்பியை நீட்டிப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். உறவுமுறைக்கு ஒரு கட்டம் இருந்தது. தமிழில் எழுதினேன். அவர் அதற்குக் கீழே சிங்களத்தில் எழுதிக்கொண்டார். பிறகு தொட்டிலில் விரிப்பு மாற்ற வேண்டும் என்று ஒரு பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தார். கொஞ்ச நேரம்தான். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்குகிறவள் நான். இவ்வளவு லேசான ஒன்றை எப்படிப் பிடிப்பது என்று கைக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் புவனாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. பாதிக் கண் திறந்திருந்தது. அந்தப் பாதிக் கண்ணால் அவள் முதலில் பார்த்தது, ஜன்னல் ஓரத்தில் ஒரு பிள்ளையோடு நிற்கும் என்னை.

"மத்தது எங்க?"

நாக்கு குழறியது. ஆனால் கேள்வி தெளிவாக இருந்தது.

"இங்கதான் இருக்கு புவனா. தொட்டிலுக்குள்ள. நர்ஸ் துணி மாத்துறாங்க."

"ரெண்டையும் ஒரே எடத்துல வைங்க அண்ணி."

"இந்தா வச்சிட்டேன்."

வைத்தேன். துணிச் சுருளை மற்றதோடு ஒட்டி வைத்து, தொட்டிலை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளினேன். அவள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்கம் அவளை இழுத்தது. கண் செருகியது. மறுபடி திறந்து, மறுபடி என் கையைப் பார்த்தாள்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், முன்னும் பின்னும். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணை மூடினாள்.